16 கணினிகளும் ஒரு பழைய இன்பினிபேண்ட் சுவிட்சும்

வெள்ளவத்தையில் எங்கள் சிறிய ஆய்வுக்கூடத்தில் 16 கணினிகளை இணைத்துக் களனி கங்கை வெள்ள மாதிரியை ஓட்டி வருகிறோம். 2019 இல் தொடங்கும்போது அறைக்கு எட்டாக இரண்டு அறைகளில் வைத்தோம். அறைக்கொரு கிகாபிட் சுவிட்ச், நடுவே ஒரே கேபிள். வெள்ள மாதிரிக்கு அது தாராளம். அதில் ஆற்றுப் பரப்பைக் கட்டங்களாகப் பிரித்துக் கணினிகளுக்குக் கொடுக்கிறோம்; ஒவ்வொரு கணினியும் பக்கத்துக் கட்டங்களின் விளிம்பு எண்களை மட்டும்தான் கேட்கும்.

அப்புறம் ஃபூரியர் மாற்ற (தரவை அலைகளாகப் பிரித்துப் பார்க்கும் கணக்கு) நிரல் ஒன்றை ஏற்றினோம். அதில் எல்லாக் கணினியும் எல்லாக் கணினிக்கும் தரவு அனுப்ப வேண்டும். மாலை ஐந்து மணி காலி வீதி மாதிரி அந்த ஒற்றைக் கேபிள் முட்டிப்போனது. 8 கணினியில் ஓடியதைவிட 16 கணினியில் மெதுவாக ஓடியது! நடுவில் நான்கு கேபிள் போட்டும் பார்த்தோம். ஓர் இணைப்பின் தரவு முழுவதையும் சுவிட்ச் ஒரே கேபிளில்தான் தள்ளும். ஒன்று நிரம்பி வழிய, இன்னொன்று சும்மா கிடந்தது.

2020 கடைசியில் 36 போர்ட் உள்ள, பாவித்த 40 கிகாபிட் இன்பினிபேண்ட் (கணினிகளை வேகமாக இணைக்கும் வலையமைப்பு வகை) சுவிட்ச் ஒன்று வாங்கினோம். தரவோடு சேரும் குறியீட்டு பிட்டுகள் போக, தரவுக்குக் கிடைப்பது 32 கிகாபிட் தான். ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது தாமதம்: சின்னச் செய்தி போய்ச்சேர 45 மைக்ரோ செக்கன் எடுத்தது, இரண்டுக்குக் கீழ் இறங்கியது. செப்புக் கேபிள் நீளம் போதாததால் எல்லாவற்றையும் ஒரே அறைக்கு மாற்றினோம். விசிறிச் சத்தம் தாங்க முடியாது, ஏசியும் நிற்காமல் ஓட வேண்டும்.

2022 மின்வெட்டுக் காலம்தான் சோதனை. கரண்ட் வந்ததும் கணினிகளின் இன்பினிபேண்ட் கார்டுகளில் பச்சை விளக்கு (கேபிள் இணைப்புச் சரி) எரியும், மஞ்சள் (தரவு அனுப்பத் தயார்) எரியாது. கேபிள்களைக் கழற்றிக் கழற்றி மாட்டி ஒரு பகல் போனது. வலையமைப்புக்கு முகவரியும் பாதையும் கொடுக்கும் சப்நெட் மேனேஜர் எங்களிடம் ஒரு கணினியில்தான் ஓடியது, அது எழும்பவே இல்லை! இப்போது இரண்டாவது கணினியிலும் ஓடுகிறது. இந்த வகைச் சுவிட்ச் வாங்குபவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள்.

இனி 40 கணினிக்குப் போகிறோம். ஒரு சுவிட்ச் போதாது. கணினி அறிஞர் லெய்சர்சன் 1985 இல் முன்வைத்த, மேலே போகப் போக இணைப்பு தடிக்கும் கொழுத்த மர அமைப்புத்தான் எங்கள் தெரிவு: கீழே மூன்று சுவிட்ச், ஒவ்வொன்றிலும் 18 போர்ட் கணினிகளுக்கு, 18 மேலே, மேல்மட்டத்தில் இரண்டு. பக்கத்துக் கணினியோடு மட்டும் பேசும் வேலைக்கு, ஜப்பானின் கே மீக்கணினியில் இருந்ததைப் போன்ற டோரஸ் அமைப்பு (பக்கத்துக் கணினிகளை வளையம் வளையமாக இணைப்பது) நன்றாகப் பொருந்தும். வெள்ள மாதிரி மட்டும் என்றால் மேலே போகும் கேபிளைப் பாதியாகக் குறைத்துக் காசு மிச்சம் பிடிக்கலாம். ஃபூரியர் நிரல் இருக்கும்வரை நான் அதற்குச் சம்மதிக்க மாட்டேன்.