உப்புத் தண்ணீர் குடித்த கமரா: அரிசியா, நல்ல தண்ணீரா, ஸ்பிரிட்டா?

மே முதல் செப்டெம்பர் வரை திருகோணமலைக் கடல் அடங்கிக் கிடக்கும். நிலாவெளிப் பக்கம் கமராக்கள் கடலுக்குள் போவதும் அந்த மாதங்களில்தான். புறாத்தீவில் பவளப்பாறை பார்க்க இறங்குபவரின் அக்‌ஷன் கமரா, படகிலிருந்து குதிக்கும்போது இடுப்பளவு தண்ணீரில் முங்கும் சின்ன டிஜிட்டல் கமரா, கதவு சரியாகப் பூட்டுப்படாத ‘வாட்டர்புரூஃப்’ கமரா என்று வகை பல. கரையில் கிடைக்கும் ஆலோசனை மட்டும் ஒன்றுதான்: “அரிசிக்குள்ள போட்டு வையுங்கோ.”

முதலில் அந்த அரிசியையே பார்த்துவிடுவோம். ஒரு லீற்றர் கடல் தண்ணீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. மாரியில் மகாவலி வந்து கலக்கும் கொட்டியாரக்குடாவில் இது குறையும். கமராவைக் கொல்ல அந்தக் குறைந்த உப்பே தாராளம். அரிசி எவ்வளவு ஈரத்தை உறிஞ்சினாலும் உப்பு உள்ளேயே நின்றுவிடும். கறியுப்பு, காற்றில் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் தானாகவே கசியத் தொடங்கும். கடலுப்பில் அதோடு கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 வீதமே போதும். அடுப்படியில் உப்புப் பேணி ஈரித்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஆகவே பகலில் ‘காய்ந்துவிட்ட’ கமரா, எங்கள் ஊர்க் காற்றில் இரவோடிரவாக உள்ளுக்குள் மறுபடி நனைகிறது. பற்றரியும் உள்ளே இருந்தால், மின்சாரம் அந்த உப்பு ஈரத்தின் வழியாக ஓடி, சேர்கிட் போர்டிலுள்ள செப்புக் கோடுகளைக் கரைத்துவிடும். திறந்து பார்க்கும்போது தெரியும் பச்சைப் பூச்சு அதுதான். அரிசிமாவும் உடைந்த குறுணியும் துவாரங்களுக்குள் போவது தனிக் கரைச்சல். நனைந்த போனை அரிசிக்குள் வைக்க வேண்டாமென்று அப்பிள் நிறுவனமே 2024இல் எழுதி வைத்தது. வெயிலில் காயவைப்பதும் ஹெயார் ட்ரையர் பிடிப்பதும் இதே பிழையைச் சூட்டோடு செய்வதுதான்.

அடுத்தது நல்ல தண்ணீர். எலெக்ட்ரொனிக் சாமானைத் திரும்பத் தண்ணீருக்குள் போடுவதா என்று கை கூசும். ஆனால் பற்றரி கழற்றிய கமராவுக்கு நல்ல தண்ணீரால் பெரிதாக ஆபத்தில்லை; காயும் உப்பால்தான் ஆபத்து. கடலிலிருந்து எடுக்கும் விமானக் கறுப்புப் பெட்டியைக்கூடக் காயவிடாமல், தண்ணீரில் அமிழ்த்தியபடியே ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோவார்கள். எனவே கமராவை இயக்கிப் பார்க்காமல், உடனே பற்றரியையும் மெமரி காட்டையும் கழற்றுங்கள். எல்லாக் கதவுகளையும் திறந்து, ஒரு பாத்திரத்து நல்ல தண்ணீரில் அமிழ்த்தி, மெதுவாக அசைத்து, தண்ணீரைப் பல தடவை மாற்றுங்கள். குழாயை வேகமாகத் திறந்து லென்ஸுக்கு நேரே பிடிக்க வேண்டாம்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். கடற்கரையோரக் கிணறுகளில் உவர் ஏறியிருக்கும். அது கடல் தண்ணீரைவிட மேல், அவ்வளவுதான். கந்தளாயிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் கிடைத்தால் நல்லது. கடைசி அலசலுக்கு, வாகனப் பற்றரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் ஒரு போத்தல் வாங்கினால் இன்னும் நல்லது. அது காய்ந்தால் உப்போ கறையோ மிஞ்சாது. வாங்கும்போது லேபலைப் பாருங்கள், அதே தட்டில் பற்றரி அசிட்டும் நிற்கும்.

இதற்கும் எல்லை உண்டு. லென்ஸ் கண்ணாடிகளுக்கு நடுவிலும் திரையின் அடுக்குகளுக்குள்ளும் புகுந்த தண்ணீர் கறையை விட்டுத்தான் போகும்.

ஸ்பிரிட்டை, அதாவது ஐசோபுரொப்பைல் அல்ககோலை, சிலர் முதல் மருந்தாக எடுக்கிறார்கள். உப்பு அதில் கரைவது மிகக் குறைவு. தண்ணீரால் அலசிய பிறகு, மிஞ்சிய ஈரத்தை விரட்ட மட்டும் அது உதவும். அதுவும் 99 வீதச் சரக்காக இருந்தால். 70 வீதச் சரக்கில் மிச்சமெல்லாம் தண்ணீர்தானே. லென்ஸ் பூச்சிலும் திரையிலும் படவிட வேண்டாம். எளிதில் தீப்பற்றும் சாமான் என்பதால், அடுப்படியில் வைத்துச் செய்வது கூடவே கூடாது.

கழற்றித் துப்புரவாக்குவதில்தான் அக்‌ஷன் கமராவும் பிளாஷ் உள்ள சிறிய கமராவும் பிரிகின்றன. பிளாஷுக்கென்று உள்ளே ஒரு கப்பாசிட்டர் இருக்கும். அதில் 300 வோல்ட் அளவில் மின் தேங்கியிருக்கலாம், பற்றரியைக் கழற்றிய பிறகும்கூட. வீட்டில் திறந்து பழக இது ஏற்ற சாமான் அல்ல. பிளாஷ் இல்லாத அக்‌ஷன் கமராவை, போன் திருத்தும் கடையில் அல்ட்ராசோனிக் தொட்டி (ஒலி அதிர்வால் அழுக்கைக் கழுவும் தொட்டி) வைத்திருப்பவரிடம் கொடுக்கலாம். போன் போர்டு கழுவிப் பழகிய கை இதையும் கழுவும். அன்றைக்கே திறப்பார் என்றால் காயவிடாமல், நல்ல தண்ணீர் நிரப்பிய டப்பாவுக்குள் வைத்தே கொண்டுபோங்கள். பற்றரியைக் கழற்றவே முடியாத மாதிரியை அமிழ்த்தாமல் நேரே கடைக்கு எடுத்துச் செல்வதே நல்லது.

கொழும்பு சேர்விஸ் சென்டர் என்பது என் கணக்கில் விலைகூடிய கமராவுக்கு மட்டும். தண்ணீர் போன கமராவுக்குப் பெரும்பாலும் வாரண்டி செல்லாது. ஸூம் லென்ஸ் வெளியே நீளும் மலிவான கமரா என்றால் லென்ஸின் நுண்ணிய பற்சக்கரங்களுக்குள் மணலும் போயிருக்கும். அதற்குச் செலவழிப்பதைவிட மெமரி காட்டை நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் படங்களை எடுத்துக்கொள்வது புத்தி. காட் பெரும்பாலும் தப்பிவிடும். நனைந்த லித்தியம் பற்றரியை மட்டும் திரும்பச் சார்ஜ் போடாதீர்கள், பிறகு தீப்பிடிக்கலாம். எரியும் சாமான்கள் இல்லாத இடத்தில், வெளியே வையுங்கள்.

காயவைக்க ஏசி அறைதான் இங்கே மலிவான கருவி, உள்ளே காற்று உலர்ந்திருக்கும். கதவுகளைத் திறந்து மின்விசிறிக்கு முன் வைத்துவிட்டு, பிறகு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு காற்றுப்புகாத டப்பாவில் சில நாள். அவசரப்பட்டு ‘ஒருக்கா ஒன் பண்ணிப் பார்ப்பம்’ என்பதுதான் அலசிக் காப்பாற்றியதையும் கெடுக்கிறது.

‘வாட்டர்புரூஃப்’ வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். கோப்ரோவின் பல மாதிரிகள் 10 மீற்றர் ஆழம் வரை, ஒலிம்பஸ் டிஜி-6 15 மீற்றர் வரை தாங்கும் என்பதெல்லாம் றப்பர் சீல் துப்புரவாக இருந்தால்தான். ஒரு மணலோ முடியோ போதும். கடலிலிருந்து வந்ததும், கதவுகள் பூட்டியபடியே நல்ல தண்ணீரில் ஊறவிடுங்கள்.

அலசிய கமரா திரும்ப ஓடினாலும் மிஞ்சிய உப்பு வாரக்கணக்கில் வேலைசெய்யும். புதிய பற்றரி போட்டு வீட்டில் படம் எடுங்கள். அதை மட்டும் நம்பி ஒருவர் கல்யாணத்துக்குப் படமெடுக்க ஒப்புக்கொள்ள வேண்டாம்.