பபுள் டிப்பா, கார்ப்பெட்டா? மதுரை வெயிலுக்கு எந்த அனிமோன் தாங்கும்

கடல் தண்ணி டேங்க்ல க்ளவுன் மீனு குடியிருக்க எந்த அனிமோன (கடல் சாமந்தி, பூ மாதிரி இருக்குற கடல் பிராணி) வாங்குறதுன்னு நெறைய பேரு கேக்குறாய்ங்க. எங்க வீட்ல பபுள் டிப், மச்சான் வீட்ல ஹாடோனி கார்ப்பெட், ரெண்டு வகையையும் நாலு வருஷமா பக்கத்துல இருந்து பாக்குறேன்.

அழகுன்னா கார்ப்பெட் தான், அதுல பேச்சே இல்ல. மணல்ல ஜமுக்காளம் விரிச்ச மாதிரி கெடக்கும், வெரல் வச்சா பலாப்பால் பட்ட மாதிரி கப்புனு புடிக்கும், உண்மையில அது ஒட்டல, கண்ணுக்குத் தெரியாத கொட்டு ஊசிய நம்ம மேல விடுது. வம்பே அதுல தான். ஒருநா காலையில மச்சான் லைட்ட போட்டா, அது வாய்க்கு வெளிய கோபி மீனோட வாலு மட்டும் நீட்டிக்கிட்டு இருக்கு! அரை மீட்டருக்கு மேல விரியும், அடியில நாலஞ்சு இஞ்சு மணல் வேற கேக்கும், மூணடி டேங்க்ல வச்சா அதுக்கு மட்டும் தான் எடம்.

பபுள் டிப் பாறை இடுக்குல கால நுழைச்சுக்கும், நுனியெல்லாம் கோலிக்குண்டு மாதிரி. வெளிச்சமோ தண்ணி ஓட்டமோ புடிக்கலன்னா அங்கிட்டும் இங்கிட்டும் நடக்க ஆரம்பிச்சிரும். எங்களுது வந்த மொத வாரமே வேவ்மேக்கர்ல (தண்ணிய ஓட விடுற மோட்டார்) மாட்டி பாதி கூழாயிருச்சு, தண்ணி மாத்தி தண்ணிய சுத்தம் பண்ற கார்பன் போட்டு, போயிரும்னு நெனச்சது தேறி, இப்ப ரெண்டா பிரிஞ்சு நிக்குது (வேவ்மேக்கருக்கு இப்ப ஸ்பாஞ்ச் கவர்). கார்ப்பெட் அப்படிப் பிரிஞ்சு நான் பாத்ததே இல்ல.

சித்திர வைகாசி தான் ரெண்டுக்கும் கண்டம். வெளிய 40 தாண்டும், டேங்க் 25, 26ல நிக்கணும், 30ல நாள் கணக்கா நின்னா அனிமோன் தன் உடம்புக்குள்ள இருக்க பாசியத் துப்பிட்டு வெளுத்துரும். ஃபேன் வச்சா ரெண்டு மூணு டிகிரி எறங்கும், ஆனா தண்ணி தான் ஆவியாகும், உப்பு அப்படியே நிக்கும், அதனால தெனமும் ஆர்ஓ தண்ணி மட்டும் ஊத்தி தண்ணியோட ஒப்படர்த்திய (உப்பு அளவக் காட்டுறது) 1.025க்கு கொண்டு வாங்க, போர் தண்ணி வேணாம்ப்பா. கரண்டு போனா பேட்டரி ஏர் பம்ப்.

புது டேங்க்ல ரெண்டுமே நிக்காது, ஆறு மாசமாவது ஓடணும். கடையில வெள்ள வெளேர்னு இருந்தா "அபூர்வ கலர் சார்"ம்பாய்ங்க, அது வெளுத்துப் போனது, எனக்கும் ஒண்ண அப்படித் தலையில கட்டிட்டாய்ங்க. ராமேஸ்வரம் பக்கம் போயி நாமளே பிச்சுட்டு வந்துரலாம்ங்குற நெனப்பும் வேணாம், மன்னார் வளைகுடா 1986லயே தேசியப் பூங்காவாயிருச்சு.

நம்ம ஊருக்கு என் ஓட்டு பபுள் டிப்புக்கு. மச்சான் போன மாசம் கார்ப்பெட்டுக்குன்னு சில்லர் (தண்ணியக் குளிர வைக்கிற மெஷின்) ஒண்ணே வாங்கிட்டான், நான் இன்னும் ரெண்டு ஃபேன்ல ஓட்டிக்கிட்டு இருக்கேன்.