ராஸ்பெரி பை 4-இல் பேட்டோசெரா: டிவிக்கு அடியில் ஒரு பழைய கேம் அலமாரி

தொண்ணூறுகளில் நம்ம ஊரில் விற்ற டிவி கேம் கேசட்டுகளில் ‘9999 இன் 1’ என்று ஸ்டிக்கர் இருக்கும். போட்டுப் பார்த்தால் சில பத்து கேம்கள்தான். பெயரையும் லெவலையும் மாற்றி அவையே திரும்பத் திரும்ப வரும். பத்தாயிரம் கேம் ஏற்றி விற்கும் மெமரி கார்டுகளும் அதே ரகம். காலி கார்டில் தொடங்கி, கையில் உள்ள கேசட், சிடியிலிருந்து எடுத்த ஐம்பது அறுபது கேம்களைச் சேர்ப்பதுதான் சரி. அப்படிச் சேர்க்க, பழைய கேம் கருவிகளைப் போலவே நடந்து அவற்றின் கேம்களை ஓட்டும் பேட்டோசெரா அருமையான மென்பொருள். இலவசமும்கூட.

அதை மெமரி கார்டில் எழுதி, ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கணினியில் (சுருக்கமாக ‘பை’) செருகினால் நேராக மெனுவில் போய் நிற்கும். 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டரே வேண்டும். பழைய போன் சார்ஜரில் மின்னழுத்தம் இறங்கும், பை தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், இசை விக்கி விக்கி வரும். கேம் ஏற்ற கார்டைக் கழற்றி விண்டோஸில் போடாதீர்கள். கேம் இருக்கும் பகுதி ஈஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் கோப்பு முறையில் இருப்பதால் விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது, ‘ஃபார்மட் செய்யவா’ என்று கேட்கும். சரி என்றால் எல்லாம் போச்சு. நெட்வொர்க்கில் தெரியும் பேட்டோசெரா ஃபோல்டர் வழியாகவே ஏற்றுங்கள்.

இடத்தைத் தின்பது பிளேஸ்டேஷன் 1 சிடிகள்தான். சிடியிலிருந்து எடுத்த கியூ, பின் கோப்புகளை சிஎச்டிமேன் என்ற கருவி கொண்டு சிஎச்டி என்ற ஒற்றைக் கோப்பாகச் சுருக்குங்கள். தரம் துளியும் குறையாது. ஃபைனல் ஃபேண்டஸி 7 போல மூன்று டிஸ்க் கேம் என்றால், மூன்று கோப்புப் பெயர்களையும் வரிக்கு ஒன்றாக எழுதி எம்3யு என்ற பட்டியல் கோப்பாகச் சேமித்தால் இடையில் டிஸ்க் மாற்ற முடியும். கேம் திறக்காமல் கறுப்பாகவே நின்றால் முதலில் பயாஸை, அதாவது அந்தக் கேம் கருவியின் தொடக்க மென்பொருள் கோப்பை, சந்தேகப்படுங்கள். எது இல்லை, எது தவறான பதிப்பு என்று மெனுவிலேயே காட்டுவது பேட்டோசெராவின் பெரிய பலம். ஆர்கேடில், அதாவது கடைகளில் காசு போட்டு ஆடும் கேம்களில், சிக்கல் வேறு: அவற்றை ஓட்டும் மேம் 2003 பிளஸுக்கு மேம் 0.78 பதிப்புக் காலத்து ரோம் (கேம் கோப்பு) தொகுப்பு வேண்டும். புதியதைப் போட்டால் பாதி ஓடாது.

படத்துக்கு வருவோம். சூப்பர் நின்டென்டோ கேம்களின் உயரம் பெரும்பாலும் 224 வரி. 1080 வரி டிவியில் அது 4.8 மடங்கு. முழுத் திரைக்கு இழுத்தால் சில வரி நான்காகவும் சில வரி ஐந்தாகவும் தடிக்கும். திரை மேலும் கீழும் நகரும்போது செங்கல் சுவர் நெளிவது கண்ணில் குத்தும். முழு எண் மடங்கில் மட்டும் பெரிதாக்கும் ‘இன்டீஜர் ஸ்கேல்’ போட்டால் 896 வரியில் கச்சிதமாக நிற்கும், மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். அந்தப் பட்டை எனக்கு உறுத்தவேயில்லை. 4:3 விகிதத்தை மட்டும் மாற்றாதீர்கள். டிவியில் கேம் மோடும் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் குதிக்கும் பட்டன் தாமதமாகவே வேலை செய்யும்.

ஆட்டம் முடிந்ததும் கன்ட்ரோலரில் ஹாட்கீயாக வைத்த பட்டனோடு ஸ்டார்ட்டை அழுத்தி வெளியே வந்து, மெனுவில் ஷட் டவுன் கொடுங்கள். சுவிட்சை அப்படியே அணைத்தால் சேவ் எழுதப்படாமல் போகும், கார்டும் கெடலாம்.

நின்டென்டோ 64-இல் சில கேம்கள் திக்குகின்றன, சேகா சாட்டர்ன் தேறாது. பிளேஸ்டேஷன் 2 வேண்டுமென்றால் பையை விட்டுவிட்டு, இதே பேட்டோசெராவை ஒரு நல்ல மினி பிசியில் போட்டுக்கொள்ளுங்கள்.