ஃப்ரெட் ரேப்: ஒரு வருடப் பயன்பாட்டுக்குப் பின்

எலக்ட்ரிக் கிட்டாரில் கிளீன் டோனில் (கலப்பில்லாத ஒலியில்) ஒழுங்காகக் கேட்கும் வரி, ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலை மிதித்ததும் சளசளக்கும். சர்ச் கொயரிலோ மெல்லிசை மேடையிலோ லீட் (தனித்து ஒலிக்கும் மெட்டு) வாசிக்கும் எவருக்கும் இந்தத் தொல்லை தெரியும். டிஸ்டார்ஷன் உரத்த ஒலியை அமுக்கி, மெல்லிய ஒலியைத் தூக்கிவிடும். வாசிக்காத கம்பி லேசாக அதிர்ந்தாலும், வாசித்த சுரத்துக்கு இணையாக வந்து நிற்கும்.

நட்டை (கழுத்தின் தலைப்பக்க முனையில் கம்பிகளைத் தாங்கும் துண்டு) ஒட்டிக் கழுத்தைச் சுற்றிக் கட்டும் மெத்துப் பட்டைதான் ஃப்ரெட் ரேப். தலைமுடிக்குப் போடும் துணி ரப்பர் பேண்டும் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும். முதல் ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகத் தண்டு) மேல் வைத்து, கம்பியைத் திறந்தபடி தட்டினால் ‘டப்’பென்று நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். அதிகம் இறுக்கினால் கம்பி அமுங்கிச் சுருதி ஏறும்.

ரெக்கார்டிங்கிலும், ஃப்ரெட் மேல் விரலால் தட்டி வாசிக்கும் டேப்பிங்கிலும் இதற்கு ஈடில்லை. தினசரிப் பயிற்சிக்கு மட்டும் வேண்டாம் என்பதே நீண்ட பயன்பாட்டில் கிடைக்கும் முடிவு. சில மாதம் கட்டியே பழகிவிட்டு அவிழ்த்தால், பழைய இரைச்சல் அப்படியே திரும்பும். கை செய்ய வேண்டிய வேலையைப் பட்டை செய்துகொண்டிருந்ததே காரணம். திறந்த கம்பி வரும் வரிகளும் இதைக் கட்டினால் போய்விடும்.

கைக்குரிய வேலை இரண்டு. வாசிக்கும் கம்பியைவிடத் தடித்த கம்பிகளை வலது உள்ளங்கையின் ஓரம், பிரிட்ஜை (உடற்பகுதியில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) ஒட்டி அமர்ந்து அடக்க வேண்டும். மெல்லிய கம்பிகளை இடது ஆள்காட்டி விரலின் அடிப்புறம் படுத்து அடக்க வேண்டும். ஆள்காட்டி நுனி கூடுதலாக, பக்கத்துத் தடித்த கம்பியையும் தொட்டுக்கொண்டிருக்கட்டும்.

பெண்டில், அதாவது கம்பியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதி ஏற்றும்போதுதான், எல்லாம் வெளிப்படும். 3ஆம் கம்பி (மிக மெல்லியதுதான் 1ஆம் கம்பி) 7ஆம் ஃப்ரெட்டில் ஒரு முழுச் சுரம் தள்ளும்போது 4ஆம் கம்பி விரலுக்கடியில் போய்ச் சிக்கும். இறக்கும்போது அது விடுபட்டு ‘டொய்ங்’ என்னும். மோதிர விரல் தள்ள, நடுவிரல் துணை நிற்க, ஆள்காட்டி நுனி 4ஆம் கம்பியை மறிக்க வேண்டும். சுருதி சேர்ந்ததா என்று 9ஆம் ஃப்ரெட்டை வாசித்து ஒப்பிடுங்கள். அடுத்தடுத்த கம்பிகளில் ஒரே ஃப்ரெட் வந்தால், விரலைத் தூக்காமல் உருட்டுங்கள். படுக்கவைத்து அழுத்தினால் இரண்டு சுரமும் ஒட்டிக்கொள்ளும்.

வேகத்துக்குக் கர்நாடக இசையின் தொடக்கப் பயிற்சியான சரளிவரிசை முறையே போதும். மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில், தட்டுக்கு ஒன்று, இரண்டு, நான்கு என மூன்று காலம். தப்பில்லாமல் ஐந்து முறை வந்தால் மட்டும் மெட்ரோனோமில் 4 கூட்டலாம். ஒவ்வொரு வரியையும் கிளீனில் ஒரு தரம், டிஸ்டார்ஷனில் ஒரு தரம் வாசியுங்கள். மூன்றாம் காலத்தில் மங்கினால் பெரும்பாலும் பிக்கும் (கம்பியை மீட்டும் தகடு) இடது கை விரலும் ஒன்றாக விழவில்லை என்று பொருள். அப்போது வேகத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். இரைச்சலை அடைக்கும் நாய்ஸ் கேட் கருவியை நம்பவும் முடியாது; அது வாசிப்பின் இடைவெளியில்தான் வாயை மூடும், சுரத்தோடு சேர்ந்து வரும் இரைச்சலை அது தொடாது.

பிக் 1 மி.மீ.க்குக் குறையாமல் இருந்தால் போதும். ஆக்‌ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரம்) 12ஆம் ஃப்ரெட்டில் 1ஆம் கம்பிக்கு 1.6, 6ஆம் கம்பிக்கு 2 மி.மீ. அளவில் இருக்கட்டும்.

வேலூர்க் கத்திரி வெயிலில் இன்னொன்று சேரும். மரம் காய்ந்து சுருங்கினால் ஃப்ரெட் முனைகள் கழுத்தோரம் துருத்திக் கையைக் குத்தும். விரல் தயங்கும், வாசிப்பு பிசகும். முனைகளை அரத்தால் தேய்க்க ஆள் தேடுங்கள், கையைக் குறை சொல்லாதீர்கள். வியர்வை பட்ட கம்பி சொரசொரத்து, நகரும்போதெல்லாம் கீச்சிடும். வாசித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் துடையுங்கள். ஃப்ரெட் ரேப்பைக் கழற்றிக் காய வையுங்கள். ஈரத்தோடு விட்டால் கம்பி அந்த இடத்தில்தான் முதலில் துருப்பிடிக்கும்.