எடைக்கல்லைத் திருப்பிப் பார்த்தேன்: மூன்று இணையச் சுயசோதனைகள்

எடைக்கல்லில் அரசு முத்திரை இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்த பிறகுதான் என் அப்பா மளிகைக் கடையில் துவரம்பருப்பு வாங்குவார். கடைக்காரர் முகம் சுளித்தாலும் அவர் கவலைப்பட்டதில்லை. ‘நீங்கள் யார் என்று பத்தே நிமிடத்தில் சொல்கிறோம்’ என்று அழைக்கும் இணையச் சோதனைகளையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். பொலிட்டிகல் காம்பஸ் அரசியல் சாய்வையும், பிபிசியின் வர்க்கக் கணிப்பான் சமூக வர்க்கத்தையும், புராஜெக்ட் இம்ப்ளிசிட் மனத்தில் ஒளிந்திருக்கும் சார்பையும் எடைபோடுவதாகச் சொல்கின்றன. மூன்றும் இலவசம். ஆகவே காசுக்கு ஏற்ற சரக்கா என்ற கேள்வி எழவில்லை. நிறுப்பவர் தம் எடைக்கல்லைக் காட்டுகிறாரா என்பது மட்டுமே என் கேள்வி.

பொலிட்டிகல் காம்பஸ் 2001 முதல் இணையத்தில் இருக்கிறது. ஆறு பக்கங்களில் 62 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் வலுவான மறுப்பு, மறுப்பு, ஒப்புதல், வலுவான ஒப்புதல் என்று நான்கே பதில்கள். ‘தெரியாது’ என்று நழுவ வழியில்லை. முடிவில் ஒரு சதுரத்தில் நமக்கென ஒரு புள்ளி விழுகிறது. கிடைக்கோடு பொருளாதாரத்தில் இடமா வலமா என்பதையும், செங்குத்துக்கோடு அதிகாரத்தின் பக்கமா தனிமனித சுதந்திரத்தின் பக்கமா என்பதையும் காட்டுகின்றன. இடது, வலது என்ற ஒற்றைக் கோட்டில் அருகருகே நிற்க வேண்டிய சோவியத் தலைவர் ஸ்டாலினையும் காந்தியையும் இந்தச் சதுரம் மேல்கோடியிலும் கீழ்ப்பகுதியிலுமாகப் பிரித்து வைத்துவிடுகிறது. இந்த யோசனை நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை.

கேள்விகளில்தான் சிக்கல் தொடங்குகிறது. பெருநிறுவனங்கள் தாமாகச் சுற்றுச்சூழலைக் காக்கும் என்று நம்ப முடியாது, ஆகையால் அவற்றுக்குக் கட்டுப்பாடு தேவை என்று ஒரு கூற்று வருகிறது. கட்டுப்பாடு வேண்டும், ஆனால் அதற்குக் காரணம் இதுவல்ல என்று நினைப்பவர் எதைத் தொடுவது? நான் அந்த ஒரு கூற்றில் மூன்று நிமிடம் உட்கார்ந்துவிட்டு ஒப்புதலைத் தொட்டேன். இடப்பக்கம் எவ்வளவு நகர்ந்தேன் என்பது எனக்குத் தெரியாது, ஏனென்றால் எந்தப் பதிலுக்கு எத்தனை மதிப்பெண் என்பதைத் தளம் வெளியிடுவதில்லை. கூற்றுகள் ஒருபக்கச் சாய்வாக உள்ளனவே என்று கேட்பவர்களுக்கு, ஆமாம், பெரும்பாலானவை சாய்வானவைதாம் என்று தளத்தை நடத்துபவர்களே விடை சொல்லியிருக்கிறார்கள். நேர்மையான விடைதான், ஆனால் கல் கொஞ்சம் தேய்ந்தது என்று ஒப்புக்கொள்ளும் கடைக்காரர், எவ்வளவு தேய்ந்தது என்பதைச் சொல்ல மறுப்பது போல அது இருக்கிறது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. முடிவுப் பக்கத்தின் இணைய முகவரியிலேயே நம் இரண்டு மதிப்பெண்களும் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த எண்களை மாற்றித் தட்டினால் புள்ளியும் இடம் மாறிவிடும். நான் ஒரே நிமிடத்தில் நான்கு கட்சிக்காரனாக இருந்து பார்த்தேன்.

இடஒதுக்கீடு, மாநில உரிமை, மொழிக் கொள்கை ஆகியவற்றைப் பற்றி அந்த 62 கூற்றுகளில் ஒன்றுகூட இல்லை. மேலைநாட்டு அரசியலை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சோதனையில் அவை இல்லாதது குற்றமாகாது. ஆனால் நம் ஊரில் இரண்டு பேரை எதிரெதிர்க் கட்சியில் நிறுத்தும் கேள்விகளைக் கேட்காமலேயே விழும் புள்ளியைச் சட்டகம் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

வர்க்கக் கணிப்பானை பிபிசி 2013 ஏப்ரலில் வெளியிட்டது. பிரிட்டனுக்காகச் செய்யப்பட்டது என்பதால் எனக்குப் பொருந்தாது. லண்டன் ஈஸ்ட் ஹாமில் செவிலியராக இருக்கும் என் அக்கா அதை அப்போதே ஸ்கைப்பில் என்னை வைத்துக்கொண்டு எழுதினாள். வருமானம், வீடு சொந்தமா வாடகையா, சேமிப்பு ஆகியவை முதலில் வரும். அதன்பிறகு, பழக்கம் உள்ளவர்களில் வழக்கறிஞர் உண்டா, லாரி ஓட்டுநர் உண்டா, துப்புரவுத் தொழிலாளர் உண்டா என்று ஒரு பட்டியலும், ஓய்வு நேரத்தில் நாடகம் பார்ப்பீர்களா, விளையாட்டுப் போட்டிகள் பார்ப்பீர்களா, செவ்வியல் இசை கேட்பீர்களா என்று இன்னொரு பட்டியலும் வரும். பணம், தொடர்புகள், ரசனை ஆகிய மூன்றுமே மூலதனம்தான் என்ற பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூவின் கருத்து இதற்கு அடிப்படை. மைக் சாவேஜ், பியோனா டிவைன் ஆகியோர் தலைமையிலான ஆய்வுக்குழு அதைக் கொண்டு பிரிட்டிஷ் சமூகத்தை மேட்டுக்குடி முதல் நிலையற்ற பிழைப்பினர் வரை ஏழு வகுப்புகளாகப் பிரித்தது.

அக்கா இரண்டாவது பட்டியலில் நின்றுவிட்டாள். “டேய், மார்கழிக் கச்சேரியெல்லாம் யூடியூப்ல கேக்கறேனே, அது கிளாசிக்கல்ல வருமா வராதா?” என்றாள். வரும் என்றேன். “பொண்ணோட பரதநாட்டிய அரங்கேற்றத்துக்குப் போனது?” அதையும் நடன நிகழ்ச்சி என்று குறிக்கச் சொன்னேன். அந்த இரண்டு பெட்டிகளைக் குறித்தபோது ஒரு வகுப்பும், குறிக்காதபோது வேறொரு வகுப்பும் வந்தன. சம்பளமும் வாடகையும் அதே இடத்தில்தான் இருந்தன. கேள்வியைத் தயாரித்தவர்கள் மனத்தில் இருந்த செவ்வியல் இசை மோட்சார்ட்டா, தியாகராஜரா என்பதைப் பொறுத்து ஈஸ்ட் ஹாம் செவிலியரின் வர்க்கம் மாறுகிறது என்றால், அந்தக் கல்லில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை வரவில்லை.

ஆனாலும் எடைக்கல்லைக் காட்டியதில் இவர்கள் முதலாவதைவிட மேல். கணிப்பானுக்கு அடிப்படையாக 2011-இல் தொடங்கிய இணையக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1,61,000 பேர் பதிலளித்தார்கள். அவர்களில் வசதியானவர்களும் படித்தவர்களும் அளவுக்கு மீறி நிறைந்திருந்ததை உணர்ந்த ஆய்வாளர்கள், 1,026 பேரை நேரில் சந்தித்து இன்னொரு கணக்கெடுப்பு நடத்தச் செய்து, இரண்டையும் அருகருகே அச்சிட்டார்கள். இணையத்தில் வந்தவர்களில் மேட்டுக்குடியினர் 22 சதவீதம், நேரில் சந்தித்தவர்களில் 6 சதவீதம். நிலையற்ற பிழைப்பினரோ நேரில் 15 சதவீதம், இணையத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. தன்னை நிறுத்துப் பார்க்க யாருக்கு ஆசை, யாருக்கு நேரம் என்பதையும் அந்த அட்டவணை சொல்லிவிடுகிறது.

மூன்றாவது சோதனையான புராஜெக்ட் இம்ப்ளிசிட் கேள்வித்தாளைக் கொண்டு எடைபோடுவதில்லை. உளவியலாளர் ஆண்டனி கிரீன்வால்டும் வேறு இருவரும் 1998-இல் வெளியிட்ட முறை இது. கிரீன்வால்ட், செகந்திராபாத்தில் பிறந்த உளவியலாளர் மஹ்சரின் பனாஜி, பிரையன் நோசெக் ஆகியோர் இதை இணையத்துக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இணைய முகவரியில் கிடைக்கிறது. நான் தேர்ந்தெடுத்தது தோல் நிறம் பற்றிய சோதனை. இடது விரல் ‘E’ விசையிலும் வலது விரல் ‘I’ விசையிலும் இருக்க, திரையின் நடுவே ஒரு முகமோ ஒரு சொல்லோ தோன்றும். வெளிர்நிற முகமும் நல்ல சொற்களும் ஒரு விசைக்கு, கருநிற முகமும் கெட்ட சொற்களும் மற்றதற்கு என்று ஒரு சுற்று. பிறகு சேர்க்கையை மாற்றி இன்னொரு சுற்று. தவறாகத் தட்டினால் சிவப்புப் பெருக்கல் குறி வரும். எந்தச் சேர்க்கையில் விரல் வேகமாக ஓடியது என்பதை மில்லிசெகண்டில் அளந்து, சார்பு இல்லை, சிறிதளவு, மிதமான அளவு, வலுவான அளவு என்று சொல்லிவிடுவார்கள்.

மாற்றிய சேர்க்கை வந்தபோது என் விரல் தடுமாறியதை நானே உணர்ந்தேன். கருநிற முகம் திரையில் நிற்கிறது, எந்தப் பக்கம் என்று அறிவுக்குத் தெரிகிறது, விரல் மட்டும் நகர மறுக்கிறது. நானே கருப்புதான், எங்கள் வீட்டுக்கு வந்த வரன் கடிதங்களிலெல்லாம் ‘பெண் நல்ல சிவப்பு’ என்ற வரியைப் படித்து எரிச்சல் கொண்டவன். வெளிர்நிறத்தின் பக்கம் மிதமான சார்பு என்று முடிவு வந்தது. பத்து நாள் கழித்து மறுபடி செய்தபோது அது சிறிதளவு என்று இறங்கியது. நான் அதற்குள் திருந்திவிடவில்லை. ஒரே ஆளின் மதிப்பெண் முறைக்கு முறை இப்படி மாறக்கூடியது என்பது ஆய்வாளர்களுக்கு நன்கு தெரிந்த குறைதான். ஒரு தனிமனிதர் பாகுபாடு காட்டுவார் என்று முத்திரை குத்த இதைப் பயன்படுத்துவது சரியாகாது என்று, இதை இணையத்துக்குக் கொண்டுவந்த மூவருமே 2015-இல் எழுதியிருக்கிறார்கள். சோதனைக்குள் நுழையும் முன்பே, வரும் விளக்கத்தோடு நீங்கள் உடன்படாமல் போகலாம் என்று சொல்லி, அதற்குச் சம்மதித்த பிறகே உள்ளே விடுகிறார்கள். மூன்று கடைகளில் எடைக்கல்லின் குறையை வாசலிலேயே எழுதி வைத்திருப்பது இது ஒன்றுதான்.

வாசலில் எழுதியிருப்பதை எல்லோரும் படிப்பதில்லை. நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், ஒரு மதியப் பயிலரங்கில் எங்கள் முப்பது பேரையும் இந்தச் சோதனையை எழுதவைத்து, முடிவுகளைத் திரையில் போட்டு, ‘வலுவான’ என்று வந்தவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். கை தூக்கியவர்களில் ஒருவர் கணக்குப் பிரிவின் மூத்த ஊழியர். தட்டச்சு வேகம் குறைந்தவர். சுற்று மாறியதைக் கவனிக்கவே அவருக்கு நேரம் பிடித்தது என்று பிறகு என்னிடம் சொன்னார். பயிற்சியாளரிடம் அதைச் சொன்னபோது, மறுப்பதும் சார்பின் அடையாளம்தான் என்று பதில் வந்தது.

செய்து பார்க்க நினைப்பவர்கள் கைபேசியைவிட விசைப்பலகை உள்ள கணினியில், தனியாக உட்கார்ந்து செய்யுங்கள். முடிவுப் பக்கத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம். சுற்று மாறியதும் எந்த முகத்தில் விரல் நின்றது என்பதை மட்டும் கவனியுங்கள். எனக்கு அது இரண்டு முறையும் ஒரே முகத்தில்தான் நின்றது.