பெல்ட் பைக்: பின் டயர் மாற்றிய பிறகு வரும் ஊளை

பின் டயர் மாற்றி வந்த பெல்ட் பைக் (செயினுக்குப் பதிலாகப் பல் வைத்த பெல்ட் பின் சக்கரத்தைச் சுற்றும் பைக்) வேகம் கூடக் கூட ஊளையிட்டால் உடனே புது டயரைக் குறை சொல்லாதீர்கள். அநேகமாக பெல்ட் அளவுக்கு மேல் இறுகியிருக்கும். டயர் கடைகளில் செயின் பழக்கத்தில் விரலால் தூக்கிப் பார்த்து அட்ஜஸ்டரைத் திருகிவிடுகிறார்கள். இந்த பைக்கில் எனக்குத் தீராத கோபம் இந்த ஒன்றில்தான்.

பெல்ட்டுக்குள் இருப்பது அராமிட் அல்லது கார்பன் இழை. அது இழுபட்டு நீண்டு கொடுக்காது. கூடுதல் இறுக்கம் முழுவதும் கியர்பாக்ஸ் வெளித்தண்டின் பேரிங்குக்கும் பின் சக்கர பேரிங்குக்கும் போகும்; பிறகு சீலில் எண்ணெய் கசியும். தொய்வு கூடினால் வேறு தொல்லை: திடீரென அக்சலரேட்டர் கொடுக்கும்போது பல் தாவும், தாவிய இடத்தில் பல் சிதையும்.

பெல்ட் நன்றாக ஆறிய பிறகுதான் அளக்க வேண்டும். ஓடிச் சூடான பைக்கில் அலுமினியப் பாகங்கள் விரிந்து பெல்ட்டை இறுக்கும். அந்த நிலையில் அளந்து தளர்த்தினால் காலையில் தொளதொளவென்று இருக்கும். கியரை நியூட்ரலில் போட்டு, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் பார்த்து, மிக இறுக்கமான இடத்தில் அளவை எடுங்கள். ஹார்லி-டேவிட்சன் கையேடுகள் சொல்வது, கீழ்ப்பக்க பெல்ட்டின் நடுவில் 10 பவுண்ட், அதாவது சுமார் 4.5 கிலோ விசை. அதற்கான கருவி கையில் இல்லையென்றால் அகலமான துணிப்பட்டியை பெல்ட்டில் சுற்றி, ஸ்பிரிங் தராசின் கொக்கியை மாட்டி 4.5 கிலோ வரும்வரை கீழே இழுத்து, ஸ்டீல் ரூலரில் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று பாருங்கள். எத்தனை இறங்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். பைக்கை எந்த நிலையில் நிறுத்தி அளப்பது என்பதும் அப்படித்தான். இரண்டையும் உங்கள் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருத்தும்போது அச்சு நட்டைத் தளர்த்தி, சக்கரத்தை முன்னால் தள்ளி, இரண்டு அட்ஜஸ்டரையும் கால் சுற்றுக்கு மேல் போகாமல் சமமாகத் திருகுங்கள். இறுக்கம் கூடிவிட்டால் நன்றாகத் தளர்த்திவிட்டு மறுபடி இறுக்கிக்கொண்டே அளவுக்கு வாருங்கள். ஸ்விங் ஆர்ம் போல்ட்டின் நடுவிலிருந்து அச்சின் நடுவுக்கு இரு பக்கமும் ஒரே தூரம் இருக்க வேண்டும். வளைத்த வெல்டிங் கம்பி ஒன்றே இதற்குப் போதும். கடைசியாக அச்சு நட்டை டோர்க் ரெஞ்சால் இறுக்கிவிட்டு மீண்டும் ஒரு தடவை அளந்து பாருங்கள், ஏனென்றால் நட் இறுகும்போது அளவு மாறும். கடைகளில் பெரும்பாலும் விடுபடுவது இந்தக் கடைசி அளவுதான். பெல்ட் கீச்சிட்டால் அநேகமாக நேர்கோடு பிசகியிருக்கும், அல்லது தூசி. சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்கள், எண்ணெய் மட்டும் வேண்டாம்.

இதை ஒருமுறை சரியாகச் செய்துவிட்டால் பெல்ட் அருமையான பொருள். கொழும்பு மரைன் டிரைவ் கடற்கரைச் சாலையின் உப்புக் காற்றில் செயின் எப்படிச் சிவக்கும் என்று வெள்ளவத்தைக்காரருக்குத் தெரியும். பெல்ட்டுக்குத் துருவும் இல்லை, காற்சட்டையில் கறுப்புத் தெறிப்பும் இல்லை. 8000 கிலோமீட்டருக்கு ஒரு தரம் பார்த்தாலே போதும்.

இருந்தாலும் அடுத்து நான் வாங்குவது செயின் பைக்தான். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் செயின் செட் கேட்டால் கையில் எடுத்துத் தருவார்கள். பெல்ட்டை வெளிநாட்டில் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். செயினைப் போலப் பிரித்து மாட்டப் பெல்ட்டில் பூட்டுக் கண்ணியும் கிடையாது, ஹார்லியின் பெரிய எஞ்சின்களில் பெல்ட்டை மாற்றப் பிரைமரி பக்கத்தையே (எஞ்சினிலிருந்து கிளட்சுக்குச் சக்தி போகும் பகுதியை) கழற்ற வேண்டும்.

இலங்கையின் 2020 வாகன இறக்குமதித் தடைக்கு முன் வந்த பெல்ட் பைக்கைப் பழையதாக வாங்குகிறவர்கள் டோர்ச் அடித்து முழு பெல்ட்டையும் பாருங்கள். நடுவில் சிறுகல் குத்திய ஓட்டை என்றால் கவனித்துக்கொண்டு கொஞ்சம் ஓட்டலாம். விளிம்பில் வெட்டோ இழை பிரிந்ததோ தெரிந்தால் அந்த பெல்ட் முடிந்தது. புது பெல்ட்டின் காசைக் கழித்து விலை பேசுங்கள்.