ஒரு லிட்டர் தண்ணீரும் 20.5 கிராம் பொடியும்: அரசு தரும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் குறித்து ஒரு மதிப்புரை

2025ஆம் ஆண்டு கோடையில் என் மூன்று வயதுப் பேத்திக்கு ஒரே இரவில் ஏழெட்டு முறை தண்ணீராகப் போனது. விடிந்ததும் மருந்துக் கடைக்கு ஓடி, ஓ.ஆர்.எஸ். வேண்டும் என்று கேட்டேன். வயிற்றுப்போக்கில் உடம்பு இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுசெய்யக் குடிக்கத் தரும் உப்பு-சர்க்கரைக் கரைசல்தான் அது. கடைக்காரர் ஆப்பிள் படம் போட்ட, உறிஞ்சுகுழல் ஒட்டிய ஓர் அட்டைப்பெட்டிப் பானத்தை எடுத்துக் கொடுத்தார். அதன் முகப்பில் அந்த மூன்று எழுத்துகளும் பெரிதாக இருந்தன. குழந்தை விரும்பிக் குடித்தாள். போக்கு இன்னும் கூடியது. மாலையில் துணை சுகாதார நிலையத்துக்குத் தூக்கிச் சென்றபோது, கிராம சுகாதார செவிலியர் அந்தப் பெட்டியை வாங்கிப் பின்பக்கத்தைப் படித்துவிட்டு, "இது ஜூஸ் அம்மா, மருந்து இல்லை" என்று சொல்லி, வெள்ளைப் பொடி அடங்கிய இரண்டு பாக்கெட்டுகளையும் ஜிங்க் மாத்திரைகளையும் விலையின்றிக் கொடுத்தார். இந்த மதிப்புரை அந்த இலவசப் பாக்கெட்டைப் பற்றியது.

உறையில் அலங்காரம் ஏதும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வாய்பாட்டின்படி தயாரித்தது என்ற குறிப்பும், கலக்கும் முறையும், காலாவதித் தேதியும் மட்டுமே அச்சாகியிருந்தன. உள்ளே 20.5 கிராம் பொடி: குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம், சாதாரண உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம். இவற்றை ஒரு லிட்டர் குடிநீரில் கரைக்க வேண்டும். இந்த அளவுகள் 2002ஆம் ஆண்டில் திருத்தி அமைக்கப்பட்டவை. அதற்கு முன்பிருந்த கரைசலில் உப்பும் குளுக்கோஸும் சற்று அதிகம். அவற்றைக் குறைத்த பிறகு, குழந்தைகளுக்கு ஊசி வழியாகத் திரவம் ஏற்றவேண்டிய தேவை சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, வாந்தியும் தணிந்தது.

நம் ஊர்களில் உடம்பு தளர்ந்தால் "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிவிடுங்கள்" என்று கேட்பது வழக்கம். தெம்பு வருவது அதனால்தான் என்பது நம் எண்ணம். ஆனால் இந்தப் பொடியில் குளுக்கோஸ் சேர்ந்திருப்பதற்குக் காரணம் வேறு. சிறுகுடலின் சுவரில், உப்பிலுள்ள சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால் திறக்கும் ஒரு வாசல் உண்டு. இரண்டும் உள்ளே போகும்போது தண்ணீரையும் உடன் இழுத்துச் செல்கின்றன. ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர் 1960இல் இந்த இணைப்பை எடுத்துக்காட்டினார். காலரா கண்டு உடம்பின் நீரெல்லாம் வெளியேறிக்கொண்டிருக்கும் வேளையிலும் அந்த வாசல் பழுதடைவதில்லை என்பதே இந்த மருந்தின் அடிப்படை. சர்க்கரை அளவு மிஞ்சினாலோ கதை தலைகீழாகிறது. குடல் உடம்பிலிருந்து நீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். ஆப்பிள் பானம் குடித்த அன்று என் பேத்திக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பயன்படுத்திப் பார்த்த விதத்தைச் சொல்கிறேன். செவிலியர் பாக்கெட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடவில்லை. தம் எதிரிலேயே கலக்கச் சொன்னார். காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், ஒரு முழுப் பாக்கெட், கொஞ்சமும் மிச்சம் வைக்கக் கூடாது. பிறகு என்னை ருசி பார்க்கச் சொல்லி, கண்ணீரைவிட அதிகமாகக் கரிக்கக் கூடாது என்றார். எந்த அளவுகோலும் இல்லாத வீட்டிலும் இந்த ஒரு சோதனை உண்டு என்பது எனக்கு மிகவும் பிடித்தது. குழந்தை முதலில் முகம் சுளித்தாள். கிண்ணத்தில் ஊற்றி, கரண்டி கரண்டியாக, வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் என்று இரவு முழுவதும் கொடுத்தோம். இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைக்கு ஒவ்வொரு முறை போன பின்பும் 100 முதல் 200 மில்லிலிட்டர் வரை, அதற்குக் கீழ் உள்ள குழந்தைக்கு 50 முதல் 100 வரை என்பது கணக்கு. கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. விடியற்காலையில் அவள் அழுதபோது கண்ணில் நீர் வந்தது. அழுகை கேட்டு நான் அவ்வளவு மகிழ்ந்தது அதற்கு முன் இல்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: இந்தப் பொடி போக்கை நிறுத்தாது. உடம்பு இழந்த நீரையும் உப்பையும் திரும்பக் கொடுக்கும், அவ்வளவே. போக்கு தானாக அடங்க இரண்டு மூன்று நாட்கள் பிடிக்கும். அந்த நாட்களைக் குறைக்கவும் மறுபடி வராமல் தடுக்கவும்தான் 14 நாள் ஜிங்க் மாத்திரை. இது தெரியாதவர்கள், ஒரு வேளை கொடுத்துப் பார்த்துவிட்டு "கேட்கவில்லை" என்று கைவிட்டு, ஊசி போடும் இடத்தைத் தேடிப் போகிறார்கள். மலத்தில் இரத்தம் கண்டாலோ, கண் குழிவிழுந்து குழந்தை துவண்டு கிடந்தாலோ, குடிக்கவே முடியாமற் போனாலோ மருத்துவமனைக்குத்தான் செல்ல வேண்டும். அந்த நிலையில் பொடியை நம்பிக் காலம் கடத்தலாகாது.

இது ஏழைகளின் மருந்து என்று சிலர் இளப்பமாக எண்ணுவதைப் பார்த்திருக்கிறேன். இது ஏழைகளிடையே தன்னை நிரூபித்துக்கொண்ட மருந்து என்பது உண்மை. 1971இல் வங்கதேசப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகளிடையே காலரா பரவியது. மேற்கு வங்கத்தின் எல்லை நகரமான போங்கானில் மருத்துவமனையின் இரண்டு அறைகளில் நோயாளிகள் தரையெல்லாம் கிடந்தார்கள். ஊசி வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. ஏற்றத் தெரிந்த ஆட்களும் போதவில்லை. அங்கே பணியாற்றிய மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ், ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கல்கத்தாவில் பொட்டலங்கள் கட்டச் செய்து, கரைசலைக் குழாய் வைத்த பீப்பாய்களில் நிரப்பி வைத்தார். ஒரு லிட்டருக்கு ஆன செலவு 11 பைசா. குவளையில் பிடித்து நோயாளிக்குப் புகட்டியவர்கள் தாய்மார், கணவன்மார், உடன்வந்த உறவினர்கள். முகாம்களில் 30 சதவீதம் வரை இருந்த இறப்பு, அவர் பொறுப்பில் இருந்த நோயாளிகளிடையே 3.6 சதவீதமாகக் குறைந்தது. மருத்துவப் படிப்பு இல்லாதவர்களின் கையில் சிகிச்சையை ஒப்படைப்பதா என்று ஐயுற்ற மருத்துவ உலகம், 1978இல் தன் மிக மதிப்புக்குரிய ஏடுகளில் ஒன்றான லான்செட் வழியாக, இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று எழுதியது. மஹாலனாபிஸ் 2022இல் மறைந்தார். அடுத்த ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

ஆனால் இந்தப் பொருளின் முழு மதிப்பை எனக்கு விளங்கவைத்தது போங்கான் அன்று, அதன் பிறகு சுதந்திர வங்கதேசத்தில் நடந்தது. ஃபஸ்லே ஹசன் அபெத் 1972இல் தொடங்கிய பிராக் என்ற தொண்டு நிறுவனம், 1980 முதல் பத்தாண்டுகள் வீடுவீடாகப் பெண் பணியாளர்களை அனுப்பியது. அவர்கள் பாக்கெட்டுகளை எடுத்துச் செல்லவில்லை. மூன்று விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கை அள்ளு வெல்லம், அரை சேர் (சுமார் அரை லிட்டர்) தண்ணீர் என்று, அடுக்களையில் இருப்பதைக் கொண்டே கரைசல் செய்யத் தாய்மாருக்குக் கற்றுக் கொடுத்தார்கள். ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளை அவர்கள் எட்டினார்கள். பணியாளரின் ஊதியத்தை நிர்ணயித்த முறைதான் வியப்புக்குரியது. எத்தனை வீட்டுக்குப் போனார் என்பதை வைத்துக் கூலி தரவில்லை. சில வாரம் கழித்து வேறொருவர் போய், அந்தத் தாய்மாரில் சிலரைக் கேட்டும் கரைசல் செய்யச் சொல்லியும் பார்த்து, அவர்களுக்கு எவ்வளவு நினைவிருந்ததோ அதற்கேற்பக் கொடுத்தார்கள். தாய் மறந்திருந்தால் குறை சொல்லிக்கொடுத்தவருடையது என்ற நியாயம் அதில் இருந்தது. நம் சுகாதாரப் பிரசாரங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். மக்களுக்கு அறிவில்லை என்று குறை சொல்லி முடிவனவே அவற்றில் அதிகம்.

அதுவும் எளிதாக நடந்துவிடவில்லை. தொடக்கத்தில், பாடத்தை ஒப்பிக்கத் தெரிந்த தாய்மாரில் மிகச் சிலரே நோய் வந்தபோது கரைசலைச் செய்தார்கள். ஏன் என்று விசாரித்ததில், சொல்லிக்கொடுத்த பணியாளர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லாதது தெரிந்தது. அவர்களும் தமக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மாத்திரையைத்தான் தேடினார்கள். அவர்களுக்கு விளக்கம் கொடுத்து நம்பிக்கை ஊட்டினார்கள். மேலும், பெண்களிடம் மட்டும் பேசிவிட்டு ஆண்களை விட்டதும் தவறு என்று உணர்ந்து, பள்ளிவாசலிலும் சந்தையிலும் ஆண்களைக் கூட்டிப் பேசினார்கள். பொருள் மலிவாக இருந்தால் போதாது, கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் அது மெய்யான மருந்து என்ற மதிப்பு வேண்டும். என் அனுபவத்திலும் பாக்கெட் பாதி வேலையைத்தான் செய்தது. மீதியைச் செய்தது எதிரில் நின்று கலக்கச் சொன்ன அந்தச் செவிலியரின் கால் மணி நேரம்.

குறைகளுக்கு வருகிறேன். முதற்குறை, ஒரு லிட்டர் என்ற அளவு. பல வீடுகளில் லிட்டர் அளக்கும் பாத்திரம் கிடையாது. ஒரு டம்ளரில் பாக்கெட் முழுவதையும் கொட்டிக் கொடுப்பவர்களும், சிக்கனம் கருதி அரைப் பொடியை எடுத்து வைப்பவர்களும் உண்டு, இரண்டுமே தீங்கு. சாம்பியாவில் கோலாலைஃப் என்ற அமைப்பு உருவாக்கிய 'கிட் யமோயோ' பெட்டியில், 200 மில்லிலிட்டருக்கான சிறு உறைகளும் ஜிங்க் மாத்திரையும் இருக்கும். அந்தப் பெட்டியே அளவுக் குவளையாகவும் குடிக்கும் கிண்ணமாகவும் பயன்படும். நம் அரசுப் பாக்கெட்டுக்கும் அப்படி ஒரு சிந்தனை தேவை. குறைந்தது, தண்ணீர் அளவைப் படம் வரைந்து காட்டினால் எழுத்தறியாதவருக்கு உதவும்.

இரண்டாவது, இதைக் கேட்டு வாங்குவோரும் எடுத்துக் கொடுப்போரும் குறைவு. 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், வயிற்றுப்போக்கு கண்ட இந்தியக் குழந்தைகளில் 60.6 சதவீதம் பேருக்கே ஓ.ஆர்.எஸ். கிடைத்திருந்தது, ஜிங்க் 30.5 சதவீதம் பேருக்கு மட்டும். கர்நாடகத்திலும் பிகாரிலும் நடந்த ஓர் ஆய்வு 2024இல் சயின்ஸ் இதழில் வெளியானது. சிகிச்சை தருவோர் இதை எழுதிக்கொடுக்காததற்குப் பெரிய காரணம் இருப்பு இல்லாமையோ இலாப நோக்கமோ அன்று, வருகிறவர்கள் இதை விரும்பமாட்டார்கள் என்று அவர்களாகவே எண்ணிக்கொள்வதுதான் என்று அது காட்டியது. ஆகவே வாய் திறந்து கேளுங்கள், கேட்டால் கொடுப்பார்கள்.

மூன்றாவது பாக்கெட்டின் குறை அன்று, சந்தையின் குற்றம். இனிப்புப் பானங்கள் இந்த மூன்று எழுத்துகளைச் சூடிக்கொண்டு மருந்துக் கடைகளில் நின்றதை எதிர்த்து, ஐதராபாத் குழந்தைநல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம், உணவுப் பானங்களின் பெயரில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தத் தந்திருந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. அந்தச் செய்தியைப் படித்தபோது என் ஆப்பிள் பெட்டி நினைவுக்கு வந்து மனம் பொருமியது. இலவசமாகக் கிடைப்பதைவிடக் காசு கொடுத்து வாங்குவதே உயர்ந்தது என்ற ஏழைவீட்டு எண்ணத்தை வைத்து நடந்த வியாபாரம் அது. கூலி வேலைக்குப் போகும் தாய், அன்றைய சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுத்து வாங்கிப் புகட்டியது மருந்தே அல்லாத ஒன்றை என்பதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

1980இல் எடுத்த கணக்குகளின்படி ஆண்டுக்குச் சுமார் 46 லட்சம் சிறு குழந்தைகள் வயிற்றுப்போக்கால் இறந்தார்கள். இன்று உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் அது 4 லட்சத்து 44 ஆயிரத்துக்கு அருகில் நிற்கிறது. இறங்கியதில் இந்தப் பொடிக்குப் பெரும் பங்கு உண்டு. இன்றும் இப்படி இறப்பவர்கள் பெரும்பாலும், குழாய் நீரும் கழிப்பறையும் எட்டாத வீடுகளின் குழந்தைகள். அந்த நீரைச் சுத்தமாக்க எந்தப் பாக்கெட்டாலும் முடியாது. அது ஊராட்சியிடமும் அரசிடமும் கேட்டு வாங்கவேண்டிய உரிமை.

செவிலியர் கொடுத்த இரண்டாவது பாக்கெட்டை, எங்கள் தெருக்கோடியில் குடியிருக்கும், செங்கல் சூளைக்கு வேலைக்குப் போகும் இளம் தாய் ஒருத்திக்குக் கொடுத்தேன். லிட்டர் என்றால் எவ்வளவு என்று கேட்டாள். தண்ணீர் பாட்டில் ஒன்றில் அளந்து அவள் வீட்டுச் சொம்பில் ஊற்றிக் காட்டினேன். நீர் நின்ற இடத்தில் ஆணியால் ஒரு கோடு கீறி வைத்துக்கொண்டாள்.